தங்கத் தீவில் தண்ணீர் இறைத்த கதை

ஜூன் 5, 2025, வியாழன். நீகாட்டாவிலிருந்து ரியோட்சு

ஜப்பானின் சாடோ என்றால் சின்னத் தீவு, ஒரு பகலில் சுற்றிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பரப்பு 855 சதுர கிலோமீட்டர். கரையோரமாகவே ஒரு சுற்று வந்தால் 280 கிலோமீட்டர் வண்டி ஓட்ட வேண்டும். வடக்கே ஒரு மலைத்தொடர், தெற்கே ஒன்று, இரண்டுக்கும் நடுவே பச்சைப் பசேலென்று நெல் வயல். இத்தனை பெரிய இடத்தில் இருப்பவர்கள் ஐம்பதாயிரம் பேர் வாக்கில்தான்.

என் தம்பி ஸைதாமாவில் வேலை பார்க்கிறான். நான் கியோட்டோ என்று ஆரம்பித்தபோதே, "அக்கா, அங்க கூட்டத்துல கோயில் தெரியாது, முதுகுதான் தெரியும். ஜப்பான் கடல் பக்கம் வா" என்று முடித்துவிட்டான். வண்டி அவன்தான் ஓட்டப்போகிறான், மொழியும் அவனுக்குத்தான் தெரியும். நான் என்ன பேச முடியும்?

நீகாட்டா துறைமுகத்திலிருந்து கார் ஏற்றும் பெரிய கப்பலில் இரண்டரை மணி நேரம். வேகப்படகு 67 நிமிடத்தில் போய்விடும். ஆனால் அதில் பெல்ட் போட்டு உட்கார்ந்தே இருக்க வேண்டுமாம். பெரிய கப்பலின் இரண்டாம் வகுப்பில் நாற்காலியே கிடையாது. கம்பளம் விரித்த தரைதான். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு எல்லோரும் வரிசையாகப் படுத்துக்கொள்கிறார்கள். கோட்டு சூட்டு போட்ட ஒருவர் பையைத் தலைக்கு வைத்து, டையைக்கூடத் தளர்த்தாமல், கப்பல் கிளம்புவதற்குள் தூங்கிவிட்டார்.

மேல்தளத்தில் கடற்புறாக்கள் கூடவே பறந்து வருகின்றன. இறால் சிப்ஸ் வாங்கி நீட்டினால் கையிலிருந்தே கொத்திக்கொண்டு போகும். பக்கத்தில் நின்ற பொடியன் ஒருவன் நான் வெறுங்கையோடு நிற்பதைப் பார்த்து, ஏதும் பேசாமல் தன் பாக்கெட்டை என் பக்கம் நீட்டினான். இரண்டு எடுத்தேன். அவன் தலையாட்டி, இன்னும் எடு என்றான். நான் ஒன்றைப் பறவைக்குக் கொடுத்துவிட்டு ஒன்றைச் சாப்பிட்டுவிட்டதில் அவனுக்கு ஏக சிரிப்பு.

ரியோட்சுவில் இறங்கும்போது மாலை. ஊரின் முக்கியத் தெருவில் பாதிக் கடைகள் மூடிக் கிடந்தன. நேரமாகிவிட்டதால் மூடியவை கொஞ்சம். நிரந்தரமாக மூடியவைதான் அதிகம். ஏழரைக்கு மேல் சாப்பாடு கிடைப்பதே கஷ்டம் என்று விடுதியில் சொன்னதும் ஓட்டமும் நடையுமாக ஒரு கடையைப் பிடித்தோம். புரி என்ற மீனை அரிசி மாவில் புரட்டிப் பொரித்து, சூடான சோற்றின் மேல் அடுக்கி, இனிப்பான சோயா சாற்றை ஊற்றித் தருகிறார்கள். பறக்கும் மீனைக் கொதிக்கவைத்து எடுத்த சாறு அதில் சேருகிறதாம். விலை 1500 யென், நம் கணக்கில் 900 ரூபாய். அரிசியும் இந்தத் தீவில் விளைந்ததுதான். மீனைவிட அந்தச் சோறு நன்றாக இருந்தது என்று சொன்னால் தம்பி அடிக்க வருகிறான்.

ஜூன் 6, வெள்ளி. ஐகாவா

ரியோட்சுவிலிருந்து குறுக்கே மேற்குக் கரைக்கு முக்கால் மணி நேரம். விடாத தூறல்.

ஐகாவாவில்தான் தங்கச் சுரங்கம். 1601இல் ஆரம்பித்து 1989இல் மூடினார்கள். அதற்குள் எடுத்தது 78 டன் தங்கம், 2330 டன் வெள்ளி. மலைக்குள் தோண்டிய பாதைகளை நீட்டிப் போட்டால் 400 கிலோமீட்டர் வருமாம். எனக்கு இந்தப் பெரிய எண்கள் எதுவும் உறைக்கவில்லை. ஒரு டன் பாறைக்குச் சராசரியாக 5 கிராம் வாக்கில்தான் தங்கம் என்று படித்ததும்தான் உறைத்தது. ஒரு சவரனுக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் கல் உடைக்க வேண்டும். கழுத்தில் கிடந்த சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அதற்கு எந்த ஊர் மலையோ.

பார்க்க இரண்டு பாதைகள். ஒன்று 1868 வரை நடந்த தோக்குகவா ஆட்சிக் காலத்தில் கையால் குடைந்தது, இன்னொன்று அதற்கடுத்த மெய்ஜி காலத்தில் இயந்திரம் வந்த பிறகு போட்டது. இரண்டுக்கும் சேர்த்து 1500 யென். பழைய பாதையில் இறங்கினதுமே பல் கிட்டிப்போனது. வெளியே 22 டிகிரி, உள்ளே எப்போதும் 10 டிகிரி வாக்கில்தானாம். பருத்திச் சுடிதாரோடு நான் நடுங்க, தம்பி தன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீரனைப் போல நடந்தான். பத்து நிமிடத்தில் திருப்பிக் கேட்டான்.

உள்ளே அசையும் பொம்மைகளை வைத்திருக்கிறார்கள். உளி அடிப்பவர், ஏணியில் ஏறுபவர், வெளிச்சம் பிடிப்பவர். களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் ஒரு பொம்மை மெல்லத் தலையைத் திருப்பி ஏதோ முனகுகிறது. தம்பி மொழிபெயர்த்தான்: சீக்கிரம் வெளியே போய்ச் சாராயம் குடிக்கணும், பழகின பொண்ணைப் பார்க்கணும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதற்குமுன் நின்று அதே குரலில் சொல்லிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச தூரம் நடந்தபின்தான் ஒன்றைக் கவனித்தேன். இந்தப் பொம்மைகளில் பலர் தங்கத்தைத் தொடவே இல்லை. தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். குடைவு ஆழமாகி, கடல் மட்டத்துக்கும் கீழே போனதும் ஊற்று பீறிட்டிருக்கிறது. ஒரு இரவு இறைக்காமல் விட்டால் மறுநாள் வேலை கிடையாது. வாளி, பிறகு மர உருளைக்குள் திருகு வைத்துச் சுற்றும் ஆர்க்கிமிடீஸ் இறைப்பான், எல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் 1691இல் ஆரம்பித்து, ஐந்து வருடம் மலைக்கு அடியில் 922 மீட்டருக்கு ஒரு வடிகால் வெட்டினார்கள். ஒரே நேரத்தில் பல முனைகளிலிருந்து தோண்டிக்கொண்டு வந்து நடுவில் சரியாகச் சந்தித்திருக்கிறார்கள். முன்னூறு வருடம் கழித்து, இன்றைக்கும் அதன் வழியாகத்தான் சுரங்கத் தண்ணீர் வடிகிறது. வெட்டிய தங்கமெல்லாம் எங்கெங்கோ போய்விட்டது, வாய்க்கால் மட்டும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

அதுவும் போதாமல் ஆள் தேடினார்கள். எடோ நகரில், அதாவது இன்றைய தோக்கியோவில், பஞ்சத்தால் ஊரைவிட்டு வந்து குடிப்பதிவில் பேர் இல்லாமல் திரிந்தவர்களை 1778 முதல் பிடித்து இங்கே அனுப்பத் தொடங்கினார்கள். குற்றம் செய்திருக்க வேண்டும் என்பதில்லை. பதிவில் இல்லை என்பதே போதும். தோக்குகவா ஆட்சி முடிவதற்குள் 1800க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள், தண்ணீர் இறைக்க. மலைமேல் காட்டுக்குள் அவர்களுக்குக் கல்லறை இருக்கிறது. மழையில் பாதை சேறாகிக் கிடந்ததால் நாங்கள் அதுவரை ஏறவில்லை.

கண்காட்சியின் முடிவில் கண்ணாடிப் பெட்டிக்குள் 12.5 கிலோ தங்கக் கட்டி ஒன்று. பெட்டியில் ஒரு கை மட்டும் நுழையும் ஓட்டை. ஒரே கையால் அரை நிமிடத்துக்குள் கட்டியை ஓட்டை வழியாக வெளியே எடுத்துக் காட்டினால் பரிசு. தம்பி முழங்கைவரை சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினான். கட்டி நிமிர்ந்தது, சாய்ந்தது, "டங்" என்று விழுந்தது. பின்னால் வரிசையில் நின்ற தாத்தா ஒருவர் "அடடா, அடடா" என்ற தொனியில் என்னவோ சொல்லி அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார். அப்புறம் அவரே முயன்று, அவரும் தோற்று, இருவரும் பழைய நண்பர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

வெளியே வந்து தோயு மலையைப் பார்த்தோம். உச்சியில் தங்க நரம்பு ஓடிய இடத்தை மேலிருந்து உடைத்துக்கொண்டே போனதில் மலை இரண்டாகப் பிளந்து நிற்கிறது. பிளவின் அகலம் 30 மீட்டர், ஆழம் 74 மீட்டர். படத்தில் பார்த்தால் யாரோ அழித்துவிட்ட மாதிரி இருக்கும். நேரில் மேகம் அந்தப் பிளவுக்குள் நுழைந்து மறுபக்கம் போனது.

மதியம் கிதஸாவா. 1930களின் இறுதியில், போர்க்காலத்துக்காக அவசரமாகக் கட்டிய கனிம ஆலை. மாதத்துக்கு 50,000 டன் கல்லைச் செரித்ததாம். இப்போது கூரை போய், கான்கிரீட் அடுக்குகள்மேல் கொடி படர்ந்து, எதிரே 50 மீட்டர் விட்டத்தில் ஒரு வட்டத் தொட்டி. அனுமதி இலவசம். கல்யாண ஜோடி ஒன்று மழைக்கோட்டுக்குமேல் சிரிப்போடு படம் எடுத்துக்கொண்டிருந்தது. அழகான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் ஐகாவா அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அதற்குள் போனவர்கள் அன்றைக்கு எங்களையும் சேர்த்து மிகச் சிலர்தான். அங்கே ஓர் அறையில் போர்க்காலத்தில் கொரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சுமார் 1500 தொழிலாளிகளைப் பற்றி வைத்திருக்கிறார்கள். 2024 ஜூலையில் நம் புது டெல்லியில் கூடிய யுனெஸ்கோ குழுதான் சாடோ சுரங்கத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தென் கொரியா சம்மதித்ததற்கு இந்த அறையும் ஆண்டுதோறும் ஒரு நினைவு நிகழ்ச்சியும் காரணம். ஆனால் அதே வருட நவம்பரில் நடந்த முதல் நிகழ்ச்சியையே தென் கொரியா புறக்கணித்துவிட்டது. அறை சிறியது, வாசகங்கள் அளந்து எழுதப்பட்டவை. சுரங்கத்துக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்தால், அந்த அறை சுரங்கத்துக்குள்ளேயே அல்லவா இருந்திருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

இரவு தங்கியது வீட்டோடு சேர்ந்த சின்ன விடுதி. விடுதிக்கார அம்மா வைத்த தட்டுகளை எண்ணி மாளவில்லை. கடற்பாசியைக் காய்ச்சி உறையவைத்து, நாடா நாடாக வெட்டி, இஞ்சியும் சோயாவும் ஊற்றின ஒரு பதார்த்தம், பேர் இகோனெரி. ருசி என்று தனியாக ஒன்றும் இல்லை, ஆனால் தட்டைக் காலி செய்துவிட்டேன். சுட்ட சங்குச் சதையின் கடைசிச் சுருள் கசக்கும். அதைத்தான் முதலில் சாப்பிடணும் என்று அம்மா பிடிவாதம். பச்சை மீனை நான் தொடவில்லை என்று கண்டதும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டு போய், வறுத்துக் கொண்டுவந்து வைத்தார்.

ஜூன் 7, சனி. வடக்குக் கரை, சமவெளி, ஒரு கோயில்

மழை விட்டது. மேற்குக் கரையோரமாக வடக்கே போகப் போகச் சாலை குறுகி, ஓரிடத்தில் செங்குத்தாக மடிந்து மடிந்து ஏறுகிறது. எதிரே ஒரு பால் வண்டி வந்தது. அதன் ஓட்டுநர் எங்களைக் கண்டதும் நெடுந்தூரம் பின்னாலேயே போய் ஒதுங்கி நின்றார். கடந்தபோது அவர்தான் எங்களுக்குத் தலை குனிந்தார்.

ஓனோகாமே என்பது கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் ஒற்றைப் பாறை, 167 மீட்டர் உயரம். மே கடைசியிலிருந்து ஜூன் நடுவரை அதன் அடிவாரம் முழுவதும் மஞ்சள் லில்லி. நாங்கள் போனபோது நல்ல பூப்பு. காற்று மட்டும் ஆளைத் தள்ளியது. அடுத்து ஃபுத்தாத்சுகாமே, மணல் திட்டால் கரையோடு ஒட்டிக்கொண்ட இரட்டைத் தீவுகள். இரண்டுக்கும் நடுவே கடலோரப் பாதையில் ஒரு குகை, ஸாய் நோ கவாரா. சின்ன வயதில் இறந்துபோன குழந்தைகளுக்காக வைத்த, பிள்ளைகளைக் காக்கும் பௌத்தத் தெய்வமான ஜிஸோவின் சிலைகள், நூற்றுக்கணக்கில். காற்றாடி, பொம்மை, சில இடங்களில் புதிய பால் பாக்கெட். இங்கிருந்து ஒரு கூழாங்கல்லைக்கூட எடுத்துப் போகக் கூடாது என்பது நம்பிக்கை. நாங்கள் படம்கூட எடுக்கவில்லை.

அப்புறம் தோக்கி. நம்மூரில் அரிவாள் மூக்கன் என்கிறோமே, அந்தக் குடும்பம். சிவந்த முகம், பிடரியில் கொண்டை, இறக்கையின் அடியில் மெல்லிய இளஞ்சிவப்பு. ஜப்பானில் பிறந்த கடைசித் தோக்கி 2003இல் இங்கேதான் செத்துப்போனது. அதற்கு முன்பே, 1999இல், சீனா கொடுத்த ஒரு ஜோடி குஞ்சு பொரித்துவிட்டது. அந்த வம்சத்திலிருந்து 2008 செப்டம்பரில் 10 பறவைகளை வெளியே விட்டார்கள். இப்போது காட்டில் 500க்கும் மேல். பறவைக்கு வயலில் தவளையும் பூச்சியும் வேண்டுமே, அதனால் விவசாயிகள் பூச்சிமருந்தைக் குறைத்தார்கள், அறுவடைக்குப் பிறகும் வயலில் தண்ணீர் நிறுத்தினார்கள். அந்த அரிசிக்குத் தனி முத்திரை, தனி விலை. நேற்று முன்தினம் நான் மெச்சிய சோறு இதுவா என்று தம்பியிடம் கேட்டேன். "கடைக்காரர்கிட்ட கேக்காம விட்டுட்டோம்க்கா."

400 யென் கொடுத்தால் பூங்காவில் கூண்டுக்குள் அருகிலேயே பார்க்கலாம். ஆனால் வெளியே வந்து அரை மணி நேரத்தில் வயலிலேயே மூன்றைப் பார்த்தோம். காரை விட்டு இறங்கக் கூடாது என்பது விதி. ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை மட்டும் இறக்கினோம். முதலில் ஏமாற்றம்தான்: சாம்பலில் புரண்டெழுந்தது போல அழுக்குக் கழுத்து. இனப்பெருக்கக் காலத்தில் கழுத்திலிருந்து கசியும் கருமையைத் தாங்களே பூசிக்கொள்ளுமாம். பிறகு ஒன்று கிளம்பிப் பறந்தது. இறக்கைக்கு அடியில் வெயில் பட்டபோதுதான் அந்த நிறம் தெரிந்தது.

மாலையில் நோ, அதாவது ஜப்பானின் பழைய முகமூடி நாடகம். ஜூனில் சனிக்கிழமைகளில் ஏதாவது ஒரு கோயில் முற்றத்தில் தீ மூட்டி ஆடுவார்கள். இந்தத் தீவில் ஒரு காலத்தில் 200க்கும் மேற்பட்ட நோ மேடைகள், இன்றும் 30க்கு மேல். நோவை உருவாக்கிய மேதை ஸெஆமி 1434இல், எழுபது வயதுக்குமேல், இங்கே நாடு கடத்தப்பட்டார் என்பதால் அவர் விட்டுப்போனது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் வேர் வேறு. 1603இல் சுரங்கத்துக்கு அதிகாரியாக நியமிக்கப்பட்ட ஓகுபோ நாகயாசு கூத்துக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் தன்னோடு நடிகர்களைக் கூட்டிவந்தார். அப்புறம் விவசாயிகள் கற்றுக்கொண்டார்கள். நாடு கடத்தப்பட்டு இங்கே வந்தவர்கள் ஸெஆமிக்கு முன்பே உண்டு. அரசர் ஜுன்தோகு 1221இல் வந்தார், துறவி நிச்சிரென் 1271இல் வந்தார், எல்லோரும் தண்டனைக்கு வந்தவர்கள். நிச்சிரென் மூன்று வருடத்தில் விடுதலையானார். ஜுன்தோகு இங்கேயே 21 வருடம் இருந்து செத்தார்.

புல்லில் பாய் விரித்து உட்கார்ந்தோம். வெள்ளுடை அணிந்த பெண்கள் தீப்பந்தம் கொண்டுவந்து விறகில் வைத்தார்கள். முகமூடி போட்டவர் மேடைக்கு வந்து சேரவே கால் மணி நேரம் ஆனது என்று சத்தியம் செய்வேன். பின்பாட்டு அடிவயிற்றிலிருந்து வருகிறது. தவளைகள் அதை மதிக்கவில்லை. கொசு வேறு. பக்கத்திலிருந்த பாட்டி தன் கொசுவர்த்திச் சுருளை நகர்த்தி எனக்கும் அவருக்கும் நடுவில் வைத்தார். நான் தரையில் நெளிவதைப் பார்த்துத் தன் இரண்டாவது மெத்தையையும் தந்தார். தம்பி உட்கார்ந்தபடியே தூங்கினான். பாட்டி கையிலிருந்த புத்தகத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தார், ஒரு வரி தவறாமல். முகமூடிக்காரர் பகலில் தபால் அலுவலகத்தில் இருப்பவர், தன் உறவு என்று பிறகு சொன்னார். எனக்கு நாடகம் பாதிகூடப் புரியவில்லை, சொல்வதில் வெட்கமும் இல்லை. ஆனாலும் எழுந்து வர மனமில்லை.

ஜூன் 8, ஞாயிறு. ஓகி, ஷுகுனெகி, மறுபடி கப்பல்

தெற்கு மூலையில் ஓகி. இங்கே தாராய்புனே என்ற மரத்தொட்டிப் படகு பிரபலம். ஒகேனக்கல் பரிசலைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பிரம்புக்குப் பதில் பலகை, அவ்வளவுதான். 1802 நிலநடுக்கத்தில் கடலடி மேலெழும்பி, கரையெங்கும் பாறையும் இடுக்குமாகிவிட்டது. நீளப் படகு நுழையாத இடத்தில் சங்கும் பாசியும் எடுக்க இதைக் கண்டுபிடித்தார்கள். வைக்கோல் தொப்பி போட்ட பெண் துடுப்பை என்னிடம் கொடுத்தார். இரண்டு நிமிடம் உயிரைக் கொடுத்துத் தள்ளினேன். படகு இருந்த இடத்திலேயே பம்பரமாகச் சுற்றியது. அவர் ஒரு கையால் லேசாக அசைத்ததும் நேராகப் போனது.

ஷுகுனெகி அங்கிருந்து பக்கம். ஓசாக்காவுக்கும் ஹொக்கைதோவுக்கும் இடையே ஓடிய சரக்குக் கப்பல்களால் பணம் பார்த்த கப்பல் தச்சர்களின் ஊர். சின்னப் பள்ளத்தாக்குக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களை நெருக்கியிருக்கிறார்கள். சந்தில் எதிரே ஒருவர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும். சுவர்களில் பழைய கப்பல் பலகை. மனை முக்கோணமாக இருந்ததால் வீட்டையும் முக்கோணமாகவே கட்டிவிட்டார்கள். நடிகை சயுரி யொஷினாகா அதன்முன் நின்ற ரயில் விளம்பரத்துக்குப் பிறகு எல்லோரும் அங்கேயேதான் நிற்கிறார்கள். எனக்குப் பிடித்தது 400 யென் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் செய்குரோ வீடு. வெளியே பார்த்தால் ஏழை வீடு. உள்ளே தூணிலும் கதவிலும் அரக்குப் பூச்சு முகம் பார்க்கலாம் போல மின்னுகிறது. யாருக்குப் பயந்து வெளியே இப்படி வைத்தார்களோ.

திரும்பும் வழியில் சிக்கல். வாடகைக் காரை பெட்ரோல் நிரப்பித் திருப்பித் தர வேண்டும், ஞாயிற்றுக்கிழமை என்று வழியிலிருந்த பங்க்குகள் மூடியிருந்தன. நான்காவது பங்க்கின் வாசலில் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெரியவர் தம்பியின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, உள்ளே போய்ச் சாவி எடுத்துவந்து ஊற்றினார். லிட்டர் விலை நீகாட்டாவைவிடக் கூடுதல். ஆனால் அப்போது யார் கணக்குப் பார்ப்பது?

துறைமுகத்துக்கு வந்தால் அடுத்த சிக்கல். அலை அதிகம், நாங்கள் சீட்டு வாங்கியிருந்த வேகப்படகு ரத்து. பெரிய கப்பல் மட்டும் போகும். யாரும் கத்தவில்லை, வரிசை கலையவில்லை. பணம் கணக்குப் பார்த்துத் திருப்பித் தந்தார்கள். கடைசி புல்லட் ரயிலுக்கு நேரம் போதுமா என்று தம்பி மட்டும் நகம் கடித்தான். கப்பல் ஆடிய ஆட்டத்தில் கம்பளத்தில் படுத்திருந்த அத்தனை பேரும் ஒன்றாக இடமும் வலமும் உருண்டோம். பொட்டலம் போட்டுக்கொண்டு வந்த சோற்று உருண்டையை நான் தொடவில்லை, அவன் இரண்டையும் சாப்பிட்டான். நீகாட்டா நிலையத்தில் ஓடி, ரயில் கதவு மூடுவதற்கு முன் ஏறிவிட்டோம். நாளைக்கு அவனுக்குக் காலை எட்டரைக்கு ஆபீஸ். எனக்குக் கால் வலி, கொசுக்கடி, பையில் இரண்டு கிலோ தோக்கி முத்திரை அரிசி.